மாகோ வேண்டாம் என்று சொன்னது எதை?

2021 அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு ஜப்பானிய இளவரசியின் கல்யாணம் உலகச் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. காதலுக்காக அரச பட்டத்தைத் துறந்தார், சாமானியரைக் கைப்பிடிக்க அரண்மனையை விட்டு வெளியேறினார் என்ற தொனியில்தான் பெரும்பாலும் எழுதினார்கள். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டத்தைத் துறக்கிறீர்களா, வைத்துக்கொள்கிறீர்களா என்று மாகோவிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை. காதலித்து மணந்தாலும் சரி, பெற்றோர் பார்த்து முடித்தாலும் சரி, அரச குடும்பத்துக்கு வெளியே ஒருவரை மணந்த அன்றே ஓர் இளவரசியின் பட்டம் போய்விடும். மாகோ தானாக முடிவெடுத்து வேண்டாம் என்றது இரண்டு விஷயங்களை: அரண்மனைச் சடங்குகள், அப்புறம் பணம். அந்த இரண்டையும் ஏன் மறுத்தார் என்பதில்தான் இந்தக் கல்யாணத்தின் உண்மைக் கதை இருக்கிறது.

முதலில் சட்டம். இரண்டாம் உலகப்போரில் தோற்று, அமெரிக்கப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஜப்பானில் 1947 மே 3 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் புதிய அரச குடும்பச் சட்டமும் வந்தது. தந்தை வழியில் வந்த ஆண்களுக்கு மட்டுமே அரியணை என்கிறது அதன் 1-வது பிரிவு. அரச குடும்பத்துப் பெண், பேரரசரையோ அரச குடும்பத்து ஆணையோ தவிர வேறொருவரை மணந்தால் அந்தக் குடும்பத்தில் அவருக்கு இருந்த நிலையை இழக்கிறார் என்கிறது 12-வது பிரிவு. ஆண்களுக்கு இந்த விதி கிடையாது. அவர்கள் யாரை மணந்தாலும் மனைவி உள்ளே வந்துவிடுகிறார். 1959-ல் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோவை மணந்த மிச்சிகோ, பெரிய மாவு ஆலை நிறுவனத்தை நடத்திய குடும்பத்தின் மகள். 1990-ல் இளவரசர் அகிஷினோவை மணந்த கிகோ ஒரு பேராசிரியரின் மகள். 1993-ல் இன்றைய பேரரசர் நருஹிதோவை மணந்த மசாகோ வெளியுறவு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்தவர். மூன்று பேருமே சாமானியக் குடும்பத்துப் பெண்கள், மூன்று பேருமே அரச குடும்பத்தினர் ஆனார்கள். அகிஷினோ, கிகோ தம்பதியின் மூத்த மகள்தான் மாகோ. சாமானியப் பெண் ஒருத்தி இளவரசியாகிப் பெற்ற மகள், ஒரு சாமானியரை மணந்ததும் இளவரசி இல்லை என்று ஆகிவிட்டாள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. அரச குடும்பத்து ஆணின் கல்யாணத்துக்கு அரச குடும்ப மன்றம் என்ற 10 பேர் குழுவின் ஒப்புதல் வேண்டும். பிரதமர், நாடாளுமன்ற அவைகளின் தலைவர்கள், தலைமை நீதிபதி எல்லாம் அதில் இருப்பார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. எப்படியும் வெளியே போகிறவர்தானே, யாரோடு போனால் என்ன என்று சட்டம் விட்டுவிட்டது. ஆக, சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், கல்யாண விஷயத்தில் மாகோ தன் அப்பாவைவிடச் சுதந்திரமானவர். பேரரசரின் இசைவைப் பெறுவது மரபு. ஆனால் வயது வந்த இரண்டு பேர் பதிவு அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிட்டால் அதைத் தடுக்க ஒருவராலும் முடியாது. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1947 அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. அரச குடும்பத்தின் 11 கிளைக் குடும்பங்கள், மொத்தம் 51 பேர், ஒரே நாளில் சாமானியர்களாக ஆக்கப்பட்டார்கள். பிரபுக்கள் என்ற வகுப்பையே புதிய அரசியலமைப்பு ஒழித்துவிட்டிருந்தது. அதற்கு முன்பு ஓர் இளவரசிக்கு மாப்பிள்ளை பார்க்க அந்தக் கிளைக் குடும்பங்கள் இருந்தன. அங்கே மணந்தால் அவர் அரச குடும்பத்திலேயே இருக்கலாம். இப்போது மீந்தது நெருங்கிய சொந்தங்கள் மட்டும். அதனால் 1947-க்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்ட ஒவ்வோர் இளவரசியும் சாமானியரைத்தான் மணந்தார், ஒவ்வொருவரும் வெளியேறினார். மாகோ இந்த வரிசையில் முதல் ஆளும் அல்ல, விதிவிலக்கும் அல்ல.

முதலில் போனவர் பேரரசர் ஹிரோஹிதோவின் மகள் கசுகோ. 1950 மே மாதம் தோஷிமிச்சி தகத்சுகாசாவை மணந்தார். அவர் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ரயில் ஆர்வலர். இளவரசி சின்ன வீட்டில் தானே சமைக்கிறாராம் என்று நாடே பேசியது. ஆனால் அந்த வாழ்க்கை இனிமையாக முடியவில்லை. 1966 ஜனவரியில் கார்பன் மோனாக்சைடு நச்சுக்குக் கணவர் பலியானார். அதே ஆண்டு தனியாக இருந்தவரின் வீட்டில் திருடன் புகுந்தான். அதற்குப் பிறகு அகாசாகா அரண்மனை வளாகத்திலேயே ஒரு வீட்டில் குடியேறினார். அவருடைய தங்கை அத்சுகோ 1952-ல் தகமாசா இகெதாவை மணந்து ஒகயாமாவுக்குப் போனார். அங்கே கணவர் பண்ணை நடத்தினார், ஒரு விலங்குப் பூங்காவும் தொடங்கினார். அது இன்றும் இகெதா விலங்குப் பூங்கா என்றே இருக்கிறது.

கடைசித் தங்கை தகாகோவின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று நிருபர்கள் துளைத்தபோது, நான் தேர்ந்தெடுக்கும் ஆளைப் பாருங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். 1950-களின் கடைசியில் ஓர் இளவரசி தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்வதே புதுசு. அந்தப் பதில் அன்றைய இளைஞர்களிடையே பிரபலமாகிவிட்டது. 1960 மார்ச்சில் வங்கி ஊழியரான ஹிசானாகா ஷிமாசுவை மணந்தார். 1963-ல் அவரைப் பணத்துக்காகக் கடத்தப் போட்ட திட்டம் ஒன்று வெளியே தெரிந்து, முன்கூட்டியே முறியடிக்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகள். திருடர்கள் கண்ணில் அப்படி இல்லை.

இந்த மூன்று மாப்பிள்ளைகளையும் சாமானியர் என்று எழுதுகிறோம். சரி, 1947-க்குப் பிந்தைய சட்டப்படி அவர்கள் சாமானியர்தான். ஆனால் தகத்சுகாசா என்பது நூற்றாண்டுகளாக அரசவையின் உச்சியில் இருந்த ஐந்து குடும்பங்களில் ஒன்று. இகெதா ஒகயாமாவை ஆண்ட குறுநில மன்னர் வம்சம். ஷிமாசு, சத்சுமா பகுதியை ஆண்ட பெரும் வம்சத்தின் கிளை. 2014-ல் தகமாதோ குடும்பத்து இளவரசி நோரிகோ மணந்த குனிமாரோ செங்கே, இசுமோ பெருங்கோயிலில் வழிவழியாகத் தலைமைப் பூசாரியாக இருக்கும் குடும்பத்தவர். அதாவது 'சாமானியர்' என்ற சொல்லுக்குள் பழைய வம்சப் பெயர்கள் நிறையவே ஒளிந்திருந்தன. மாகோ விவகாரத்தில் ஜப்பான் ஏன் அவ்வளவு கொந்தளித்தது என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மாகோவுக்கு முன்பு எல்லோரும் உதாரணமாகக் காட்டியது அவருடைய அத்தை சயாகோவை. அகிஹிதோ, மிச்சிகோவின் ஒரே மகள், 1969-ல் பிறந்தவர். அபிகோ நகரில் உள்ள யமாஷினா பறவையியல் ஆய்வகத்தில் ஆய்வாளராக இருந்தார், மீன்கொத்திகளைப் பற்றி ஆய்வு செய்தார். சின்ன வயதில் வீட்டில் யாருக்காவது ஏதாவது தவறிப்போனால் "டோன்மாயின்" என்று மழலையில் சொல்லித் தேற்றுவாராம். கவலைப்படாதே என்று ஜப்பானியர்கள் விளையாட்டில் சொல்லும் வார்த்தை அது. மகள் வீட்டை விட்டுப் போகப்போகிற நேரத்தில் மிச்சிகோவே இதை நினைவுகூர்ந்திருந்தார். சயாகோவின் நிச்சய அறிவிப்பு, 2004 அக்டோபரில் நீகதா பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தால் ஒருமுறை தள்ளிப்போனது. அரச குடும்பத்து மூதாட்டி ஒருவர் இறந்ததால் மறுபடியும் தள்ளி, டிசம்பர் 30 அன்று வந்தது. மாப்பிள்ளை யோஷிகி குரோதா டோக்கியோ மாநகர அரசு ஊழியர், நகரத் திட்டமிடல் பிரிவில் இருந்தவர். பள்ளிக் காலத்திலிருந்தே சயாகோவின் அண்ணன் அகிஷினோவுக்கு நண்பர். 2005 நவம்பர் 15 அன்று டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலில் கல்யாணம். பெற்றோரான அன்றைய பேரரசரும் பேரரசியும் வந்திருந்தார்கள். வரவேற்பில் அம்மாவின் கிமோனோவை உடுத்தியிருந்தார் சயாகோ. கல்யாணத்துக்கு முன்பே கார் ஓட்டக் கற்றதும், வீட்டு வேலை பழகியதும் பத்திரிகைகளுக்கு இனிப்புச் செய்தி. அரசு கொடுத்த தொகை 15 கோடியே 25 லட்சம் யென். யாரும் முணுமுணுக்கவில்லை. பிற்காலத்தில் தமகாவா பல்கலைக்கழகத்தில் பறவை ஓவியங்களை ஆராய்ந்தார். 2017 முதல் இசே பெருங்கோயிலின் தலைமைப் பூசாரிணி அவர்தான். அந்தப் பொறுப்பில் அவருக்கு முன்பு இருந்தவர்கள் யார் தெரியுமா? நாம் பார்த்த அதே கசுகோவும் அத்சுகோவும். வெளியே அனுப்பிய மகள்களை, குடும்பத்தின் மூதாய்த் தெய்வமான அமதெரசுவின் கோயில் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

கிரீடம் துறந்தார் என்று எழுதுகிறவர்களுக்காக ஒரு உபரித் தகவல். இளவரசிகள் சட்டப்படி மேஜராகும்போது அவர்களுக்கென்று டியாரா என்ற சிறிய கிரீடம் ஒன்று செய்வது வழக்கம். 2021 டிசம்பரில் பேரரசரின் மகள் ஐகோவுக்கு 20 வயதானபோது, கொரோனாவால் மக்கள் அவதிப்படும் நேரத்தில் புதிதாகச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்து, அத்தை சயாகோவிடம் டியாராவை இரவல் வாங்கி அணிந்துகொண்டார்.

இனி மாகோவுக்கு வருவோம். பிறந்தது 1991 அக்டோபர் 23. தங்கை காகோ, அவரைவிட 3 வயது இளையவர். தம்பி ஹிசாஹிதோ பிறந்தது 2006-ல், மாகோவைவிடக் கிட்டத்தட்ட 15 வயது சின்னவன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பள்ளிச் சீருடையோடு ஒரு நிகழ்ச்சிக்கு வந்த படம் இணையத்தில் பரவி, அந்தச் சிறுமிக்கு ரசிகர் கூட்டமே சேர்ந்துவிட்டது. படங்கள் வரைந்தார்கள், பாட்டுக்கூடப் போட்டார்கள். அரச குடும்பத்துப் பெண் குழந்தை பொதுச் சொத்து என்ற நினைப்பு அப்போதே தொடங்கிவிட்டது என்பேன்.

அரச குடும்பத்தார் வழக்கமாகப் படிக்கும் கக்குஷுயினில் பள்ளிப் படிப்பை முடித்தவர், கல்லூரிக்கு அங்கே போகாமல் மிதாகாவில் உள்ள சர்வதேச கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் வடகிழக்குப் பகுதிக்குத் தன்னார்வலராகப் போய்வந்தார். எடின்பரோவில் ஒரு கல்வியாண்டு படித்தார். பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியலில் முதுகலை. டோக்கியோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஆய்வாளராக வேலை. இடையில் அரசுப் பயணங்கள்: எல் சால்வடோர், பராகுவே, பூட்டான், பிரேசில், பெரு, பொலிவியா. ஜப்பானியர் குடியேறிய நாடுகளில் அவர் போகும் இடமெல்லாம் முதியவர்கள் கண்ணீரோடு நின்றார்கள். வேலையை நன்றாகச் செய்தார் என்பதில் அவரைத் திட்டியவர்களுக்குக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை.

கெய் கொமுரோவை அவர் சந்தித்தது 2012-ல், மிதாகாவின் அதே கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கான கூட்டம் ஒன்றில். கொமுரோ தாயின் வளர்ப்பில் வளர்ந்தவர், அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். மாணவராக இருந்தபோது ஃபுஜிசாவா கடற்கரைச் சுற்றுலாவுக்கான 'கடல் இளவரசன்' போட்டியில் தேர்வானவர். ஒரு வங்கியில் கொஞ்சநாள் வேலை, பிறகு டோக்கியோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் உதவியாளர். வம்சப் பெயர் கிடையாது, அரண்மனையோடு பரிச்சயமான குடும்பமும் கிடையாது. 1947-ல் எழுதிய சட்டம் சாமானியர் என்று யாரைச் சொல்கிறதோ, அந்த ஆள் நிஜமாகவே வந்து நின்றது இப்போதுதான்.

2017 மே மாதம் என்எச்கே தொலைக்காட்சி செய்தியை உடைத்தது. ஜூலையில் வரவேண்டிய முறையான அறிவிப்பு, கியூஷு தீவின் வெள்ளப் பேரழிவால் செப்டம்பர் 3-க்குத் தள்ளிப்போனது. அன்றைய பேட்டியில் மாகோ அவருடைய சிரிப்பைச் சூரியன் என்றார், அவர் மாகோவை நிலா என்றார். நாடே உருகியது. கல்யாணம் 2018 நவம்பர் 4 என்று நாள் குறித்தார்கள்.

அந்த உருக்கம் 4 மாதம்கூட நிலைக்கவில்லை. 2017 டிசம்பரில் வார இதழ்கள் கொமுரோவின் தாயைப் பற்றி எழுத ஆரம்பித்தன. அவரை மணப்பதாக இருந்த ஒருவர், தான் கொடுத்த சுமார் 40 லட்சம் யென் கடன் திரும்பி வரவில்லை என்றார். அந்தத் தொகையின் ஒரு பகுதி கொமுரோவின் படிப்புக்குப் போனது என்றும் செய்தி. அது அன்பளிப்பாக வந்த பணம் என்பது கொமுரோ தரப்பின் வாதம். நம் கணக்கில் 25 லட்சம் ரூபாய் அளவு. எந்த ஊரிலும் குடும்பங்களுக்குள் நடக்கிற தகராறுதான். நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை, மாகோவுக்கு அதில் பங்கும் இல்லை. ஆனாலும் 2018 பிப்ரவரியில் கல்யாணம் 2020-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவசரப்பட்டுவிட்டோம், தயாராக நேரம் போதவில்லை என்று மாகோ காரணம் சொன்னார். அந்த ஆகஸ்டில் கொமுரோ நியூயார்க்கில் ஃபோர்டம் சட்டக் கல்லூரிக்குப் போனார். கல்லூரி தன் இணையதளத்தில் அவரை இளவரசியின் வருங்காலக் கணவர் என்று எழுத, நிச்சயதார்த்தச் சடங்கே நடக்கவில்லை, அப்படிச் சொல்லக்கூடாது என்று அரண்மனை அலுவலகம் திருத்தியது.

அந்தச் சடங்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் தூதர் கடல் மீன், சாகே மது, பட்டு ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுப்பது அதன் மையம். நம் ஊர் வரிசைத் தட்டு மாதிரிதான். 2018 நவம்பரில் தன் பிறந்தநாள் பேட்டியில் அகிஷினோ, மக்கள் பலரும் இதை ஏற்று மகிழ்கிற நிலை வராவிட்டால் அந்தச் சடங்கை நடத்த முடியாது என்றார். எனக்குத் தெரிந்து இந்த முழு விவகாரத்திலும் மிகக் கனமான வாக்கியம் இதுதான். கல்யாணத்தை அவரால் தடுக்க முடியாது. அரசியலமைப்பின் 24-வது பிரிவு, திருமணம் இருவரின் சம்மதத்தால் மட்டுமே நடக்கும் என்கிறது. அவர் கையில் இருந்தது சடங்கு. மக்களின் கையில் இருந்தது வரிப்பணம். கல்யாணத்தை நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடமும் இல்லாததால், எல்லோரும் இந்த இரண்டு பிடிகளைப் பற்றிக்கொண்டு இழுத்தார்கள்.

பணத்தின் கணக்கு இப்படி. அரச குடும்பத்தை விட்டு வெளியேறுகிறவர், முன்பு இருந்த நிலைக்கேற்ற கண்ணியத்தோடு வாழ்வதற்காக அரசு ஒரே தவணையில் ஒரு தொகை கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆண்டு உதவித்தொகையை அடிப்படையாக வைத்து, அதிகபட்சம் 10 மடங்கு என்ற கணக்கில் வரும். மாகோவுக்கு அது சுமார் 13 கோடியே 70 லட்சம் யென், அன்றைய மதிப்பில் 9 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. கொமுரோவின் கண் இந்தப் பணத்தின் மேல்தான் என்றார்கள், எங்கள் வரியில் அவர் தாயின் கடனை அடைக்கப்போகிறார்கள் என்றார்கள். சயாகோ வாங்கிய 15 கோடி கண்ணியம். மாகோவுக்கு வரவேண்டிய 13 கோடி கொள்ளை. வித்தியாசம் மாப்பிள்ளையில் இருந்தது.

2020 நவம்பரில் மாகோ ஓர் அறிக்கை விட்டார்: தங்கள் மனதைக் காத்துக்கொண்டு வாழ இந்தத் திருமணம் அவசியமான முடிவு. சில நாட்கள் கழித்து அகிஷினோ, அரசியலமைப்பையே காட்டி, இருவரும் உண்மையில் விரும்பினால் தந்தையாக அதை மதிக்க வேண்டும் என்று சொல்லிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். நிச்சயதார்த்தச் சடங்கு வேறு விஷயம் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2021 ஏப்ரலில் கொமுரோ 28 பக்க விளக்கம் ஒன்றை வெளியிட்டார். அடிக்குறிப்புகளோடு, வழக்கறிஞர் எழுதும் மனு போல இருந்தது. மக்களைச் சமாதானப்படுத்த எழுதியதாக இருந்தால் அது மோசமான உத்தி, யாரும் படிக்கவில்லை, படித்தவர்கள் இன்னும் கோபப்பட்டார்கள். செப்டம்பரில் அவர் டோக்கியோ விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது தலைமுடியை வளர்த்துப் பின்னால் முடிந்திருந்தார். அந்தக் குடுமியை எல்லாக் கோணத்திலிருந்தும் படம் பிடித்துப் பல நாட்கள் விவாதித்தார்கள். தேர்தல் வரவிருந்த நேரம் அது.

அக்டோபர் 1 அன்று அரண்மனை அலுவலகம் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னது: கல்யாணத் தேதி, மாகோவுக்கு இருக்கும் சிக்கலான மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு. தன்னைப் பற்றியும், கொமுரோ, அவர் குடும்பம் பற்றியும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த அவதூறுகளால் வந்தது என்று மருத்துவர் விளக்கினார். போர் பார்த்தவர்களுக்கு வரும் நோயை இவர் எப்படிச் சொல்லலாம் என்று அதற்கும் திட்டினார்கள். அவருடைய பெரியம்மா மசாகோ, மன அழுத்தத்தால் 2003 முதல் பல ஆண்டுகள் பொது நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டவர். பாட்டி மிச்சிகோ 1993-ல் பத்திரிகைகளின் தாக்குதலுக்கு நடுவே மயங்கி விழுந்து, மாதக்கணக்கில் பேச முடியாமல் இருந்தார். மூன்று தலைமுறை, ஒரே குடும்பம். உள்ளே வந்த பெண்களுக்கும் இதுதான் நடந்தது, வெளியே போன பெண்ணுக்கும் இதுதான் நடந்தது.

மாகோ இரண்டு பிடிகளையும் விட்டார். நிச்சயதார்த்தச் சடங்கு வேண்டாம், பேரரசர் முன்பு முறைப்படி விடைபெறும் சடங்கு வேண்டாம், வரவேற்பு வேண்டாம், பணமும் வேண்டாம். போருக்குப் பிறகு கல்யாணமாகி வெளியேறிய இளவரசிகளில் இந்தப் பணத்தை வாங்காத முதல் ஆள் அவர்தான். அரசும் அவர் விருப்பத்தை ஏற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் யோமியுரி நாளிதழ் எடுத்த கருத்துக்கணிப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தக் கல்யாணத்துக்கு ஆதரவாகத்தான் சொன்னார்கள். எதிர்த்தவர்களின் சத்தம் பெரிது, அவ்வளவே.

அக்டோபர் 26 காலை, அரண்மனை அலுவலக ஊழியர் ஒருவர் திருமணப் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அகாசாகா வளாகத்தின் வாசலில் அப்பா அம்மாவுக்குத் தலைகுனிந்து விடைசொன்னார் மாகோ. தங்கை காகோவும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானியப் பொதுவெளியில், அதுவும் அரச குடும்பத்தில், அது அபூர்வமான காட்சி. பிற்பகலில் ஒரு ஹோட்டலில் இருவரும் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள், ஆனால் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. முன்கூட்டியே வந்த கேள்விகளில் சில, பொய்யான தகவல்களை உண்மைபோல் வைத்துக் கேட்கப்பட்டிருந்ததால், எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார்கள். ஊரில் ஒரு பக்கம் எதிர்ப்பு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் படிவத்தோடு இன்னொன்றும் மாறியது. ஜப்பானிய அரச குடும்பத்தாருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எல்லாக் குடிமக்களுக்கும் இருக்கும் குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது, அவர்களுக்கென்று தனிப் பதிவேடு. ஓட்டுப் போடுவதும் இல்லை. 30 வயதில் மாகோவுக்கு முதல்முறையாக ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது: கொமுரோ. கணவன் மனைவி ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜப்பானிய உரிமையியல் சட்டம் கட்டாயப்படுத்துவதால் அவருக்கு அதில் தேர்வு இல்லை. சொந்தமாக ஒரு குடும்பப் பெயர்கூட இல்லாதவருக்கு மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

நவம்பர் 14 அன்று இருவரும் நியூயார்க் போனார்கள். அதற்கு முன்பே கொமுரோ நியூயார்க் வழக்கறிஞர் தேர்வில் தோற்ற செய்தி வந்துவிட்டது. தேறியவர் பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்பதை ஒரு நாடே தேடிப் பார்த்தது. 2022 பிப்ரவரியில் எழுதியதிலும் தோல்வி. ஜூலையில் எழுதி, அக்டோபரில் தேர்ச்சி. வீட்டுக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போன மாகோவைப் படம் பிடித்துப் போட்டார்கள். மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் ஊதியமின்றி உதவுகிறார் என்று 2022-ல் செய்தி. பிறகு செய்திகள் மெல்ல வற்றின. 2025 மே மாதம் முதல் குழந்தை பிறந்திருப்பதாக அரண்மனை அலுவலகம் தெரிவித்தது. ஆணா பெண்ணா, என்றைக்குப் பிறந்தது என்பதை வெளியிடவில்லை. அரியணை வரிசையோடு அந்தக் குழந்தைக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆணாக இருந்தாலும் இல்லை.

அரண்மனையின் கணக்கு மட்டும் குறைந்துகொண்டே போகிறது. 2024 நவம்பரில் மிகாசா குடும்பத்து மூதாட்டி யூரிகோ 101 வயதில் காலமான பிறகு, பேரரசரையும் சேர்த்து 16 பேர்தான். அரியணை வரிசையில் மூன்று பேர்: பேரரசரின் தம்பி அகிஷினோ, அவர் மகன் ஹிசாஹிதோ, 1935-ல் பிறந்த இளவரசர் ஹிதாச்சி. மணமாகாத பெண்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐகோவும் காகோவும் அதில் அடக்கம். ஜப்பான் வரலாற்றில் எட்டுப் பெண்கள் பேரரசியாக ஆண்டிருக்கிறார்கள். 2005-ல் பிரதமர் கோயிசுமி அமைத்த குழு, பெண்களையும் அரியணைக்கு அனுமதிக்கலாம் என்றது. 2006 பிப்ரவரியில் கிகோ கருவுற்ற செய்தி வந்தது, செப்டம்பரில் ஹிசாஹிதோ பிறந்தான், மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள். மாகோவின் தம்பி பிறந்ததால்தான் மாகோ வெளியேறும் விதி அப்படியே நின்றது என்றுகூடச் சொல்லலாம்.

மாகோ வெளியேறிய அதே 2021-ல், டிசம்பரில், அரசுக் குழு ஒன்று இரண்டு யோசனைகளைக் கொடுத்தது. ஒன்று, 1947-ல் அனுப்பப்பட்ட 11 கிளைகளின் தந்தைவழி ஆண்களைத் தத்தெடுத்துத் திரும்பக் கொண்டுவருவது. இன்னொன்று, இளவரசிகள் கல்யாணத்துக்குப் பிறகும் அரச குடும்பத்திலேயே இருப்பது. கணவரும் குழந்தைகளும் சாமானியராகவே இருப்பார்கள் என்று அதில் ஒரு திருப்பம். ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஓட்டு இல்லை, அப்பாவுக்கு உண்டு. அம்மாவுக்குக் குடும்பப் பெயர் இல்லை, பிள்ளைக்கு உண்டு. கணவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் என்ன, தொழிலில் நஷ்டப்பட்டால் என்ன, அவர் தாய் யாரிடமாவது 40 லட்சம் யென் வாங்கியிருந்தால் என்ன? மாகோ வெளியே போகிறார் என்பதால் ஒரு கட்டத்தில் ஓய்ந்த கேள்விகள் அவ்வளவும், உள்ளேயே இருக்கப்போகும் ஒரு பெண்ணின் கணவரை வாழ்நாள் முழுதும் துரத்தும். குழந்தைகளுக்கும் அரச நிலை வேண்டும் என்கிற எதிர்க்கட்சிக்கும், அது தாய் வழியில் வந்த ஒருவர் பேரரசராக வழிவிடும் என்று அஞ்சும் பழமைவாதிகளுக்கும் நடுவே 2025 வரை நாடாளுமன்றப் பேச்சில் உடன்பாடு வரவில்லை. ஐகோ செஞ்சிலுவைச் சங்கத்தில் 2024 முதல் வேலைக்குப் போகிறார். காகோ 30-ஐத் தாண்டிவிட்டார். புதுச் சட்டம் வருவதற்கு முன்பு இவர்களில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் அவர் வெளியேறுவார், வந்த பிறகு நடந்தால் உள்ளே இருக்க வேண்டியிருக்கலாம்.